இருபது எண்கள், இரண்டு விடைகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இருந்த மனநோய் மருத்துவமனையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்து நோயாளிகளுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத இரவுகளில் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்குகிறார், முதல் மருந்து கொடுத்த இரவுகளில் எத்தனை மணி, இரண்டாவது மருந்துக்கு எத்தனை மணி என்று குறித்துக்கொண்டார்கள். மருந்தியலாளர் ஆர்தர் குஷ்னியும் பீபிள்ஸ் என்பவரும் 1905இல் அந்த அட்டவணையை வெளியிட்டார்கள். மருந்தால் கூடிய தூக்கம் எவ்வளவு என்று நோயாளி ஒருவருக்கு மருந்துக்கு ஓர் எண் வீதம் எடுத்தால் மொத்தம் இருபது எண்கள் வரும். புள்ளியியலில் இவ்வளவு சிறிய அட்டவணை இவ்வளவு காலம் வாழ்ந்தது அரிது.

முதல் மருந்தால் கூடிய தூக்கம் சராசரியாக 0.75 மணி. இரண்டாவதால் 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இது மருந்தின் வேலையா, தற்செயலா?

இருபது எண்களையும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களாகப் பாவித்து டி-சோதனை செய்தால் டி-மதிப்பு 1.86, பி-மதிப்பு 0.079 என்று வரும். 0.05 என்ற வழக்கமான கோட்டைத் தாண்டவில்லை. ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடலாம். அதே எண்களை நோயாளிவாரியாக ஜோடி சேர்த்துச் சோதித்தால் டி-மதிப்பு 4.06, பி-மதிப்பு 0.003. மருந்துகளிடையே வேறுபாடு இல்லாத நிலையில் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்புதான் உண்டு என்று இதற்குப் பொருள். எண் ஒன்றுகூட மாறவில்லை. விடை மட்டும் தலைகீழாகிவிட்டது.

எது சரி என்பதை எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இருபது எண்களும் இருபது பேரிடமிருந்து வந்தவையா, பத்துப் பேரிடமிருந்து வந்தவையா என்பது தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தரவெல்லாம் திரட்டி முடித்து, கணினி முன் உட்கார்ந்த பிறகு ‘எந்த டி-சோதனை போடுவது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை, யாரை எப்படிப் பிரித்து எதை அளப்பது என்று முடிவெடுத்த அன்றே தீர்மானமாகிவிட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அடிப்படையில் இதைத்தான்.

அட்டவணைக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். ஐந்தாம் நோயாளிக்கு இரண்டு மருந்துமே வேலை செய்யவில்லை. இரண்டிலும் தூக்கம் 0.1 மணி குறைந்துதான் போனது. ஆறாமவருக்கு முதல் மருந்தில் 3.4 மணி கூடியது, இரண்டாவதில் 4.4. ஏழாமவருக்கு 3.7, 5.5. மருந்துக்கு இசைகிற உடம்பு எதற்கும் இசைகிறது, மசியாத உடம்பு எதற்கும் மசிவதில்லை. ஆக, ஒவ்வொரு வரிசையிலும் எண்கள் சிதறிக் கிடப்பதற்கு முதற்காரணம் மருந்தல்ல, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. போதாததற்கு, இந்த எண்கள் எல்லாமே அந்தந்த நோயாளியின் மருந்தில்லா இரவுகளைக் கழித்துப் பெற்றவை. ஒரே அடிப்படை அளவை இரண்டு பக்கமும் கழித்திருக்கிறார்கள். அதில் பிழை இருந்தால் இரண்டு எண்ணிலும் அதே பிழைதான் இருக்கும்.

டி-மதிப்பு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே சராசரிகளின் வித்தியாசம், கீழே அந்த வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஊசலாடும் என்பதற்கான அளவான திட்டப் பிழை. மேலே உள்ள 1.58 எந்தச் சோதனையிலும் மாறாது. தனிக் குழுக்களாகப் பாவித்தால் கீழே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு முழுவதும் போய் உட்கார்ந்துகொள்ளும். திட்டப் பிழை 0.85 ஆகிவிடும். ஜோடியாகப் பார்க்கும்போது ஒவ்வொருவரின் இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துவிடுகிறோம். 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4 என்று பத்து வித்தியாசங்கள் மிஞ்சுகின்றன. எதுவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இல்லை. ஆளின் தன்மை கழிந்துபோய் மருந்துகளுக்கிடையிலான வேறுபாடு நிற்கிறது. திட்டப் பிழை 0.39 ஆகச் சுருங்குகிறது. இணை டி-சோதனை என்பது இந்தப் பத்து எண்களின் சராசரி பூஜ்ஜியமா என்று கேட்கும் ஒற்றை மாதிரிச் சோதனையே தவிர வேறொன்றுமில்லை.

இந்த அட்டவணையை எடுத்து முதலில் இப்படிச் சோதித்தவர் மருத்துவர் அல்லர். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1899இல் ஆலையில் சேர்ந்தவர். பார்லி, ஹாப் பூ, மால்ட் இவற்றில் அவருக்குக் கிடைத்தவை நான்கோ ஐந்தோ பத்தோ அளவீடுகள்தான். அக்காலப் புள்ளியியல் நூற்றுக்கணக்கான அளவீடுகள் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு சூத்திரம் எழுதியது. மாதிரி சிறிதாக இருக்கும்போது திட்ட விலக்கத்தையே நம்ப முடியாது, அந்த நிச்சயமின்மைக்கும் கணக்கில் இடம் வேண்டும் என்பதுதான் காசெட்டின் கண்டுபிடிப்பு. அதைச் சரிபார்க்க அவர் செய்த காரியம் சுவையானது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அடங்கிய ஒரு பட்டியலை எடுத்து, அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் உருவி, தம் வாய்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணினி செய்யும் உருவகப் பரிசோதனையை அட்டைக் கட்டை வைத்துக்கொண்டு செய்தவர் அவர். 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் கட்டுரை வந்தபோது ஆலையின் விதிப்படி சொந்தப் பெயர் போட முடியவில்லை. ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் வந்தது.

அந்தக் கட்டுரையில்தான் கலமசூ நோயாளிகள் உதாரணமாக வருகிறார்கள். இரண்டாம் மருந்தே மேல் என்பதற்கு 666க்கு 1 என்று காசெட் பந்தய வழக்கில் விடை சொன்னார். அவர் கணக்கில் குற்றமில்லை. ஆனால் மருந்துகளின் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்! 1925இல் ரொனால்ட் ஃபிஷர் எழுதிய புகழ்பெற்ற பாடநூலிலும் அந்தத் தவறு அப்படியே போய்ச் சேர்ந்தது. 1994இல் ஸ்டீஃபன் சென், வில்லியம் ரிச்சர்ட்சன் இருவரும் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து இந்தக் கதையை விரிவாக எழுதினார்கள். எண்களை நகலெடுக்கிறவர்கள் அவை வந்த இடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை என்பதற்கு டி-சோதனையின் பிறப்புச் சான்றிதழே சாட்சி.

ஜோடி சேர்த்தால் எப்போதும் விடை கூர்மையாகும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இதற்கு நேர் எதிரான கதை சார்லஸ் டார்வினுடையது. அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடி, தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடியைவிட உயரமாக வளருமா என்று பார்க்க, மக்காச்சோளத்தில் 15 ஜோடிகளை வளர்த்தார். ஜோடியில் இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே சூழலில் வளர்ந்தவை. எண்களை அலச உறவினர் பிரான்சிஸ் கால்டனிடம் கொடுத்தார். கால்டன் இரண்டு வரிசைகளையும் தனித்தனியே உயரப்படி அடுக்கினார். யாருக்கு யார் ஜோடி என்பது அங்கேயே தொலைந்தது. ஃபிஷர் 1935இல் தம் ‘பரிசோதனை வடிவமைப்பு’ நூலில் இதை எடுத்துக் காட்டி, ஜோடிகளை மீண்டும் சேர்த்துச் சோதித்தார். டி-மதிப்பு 2.15, பி-மதிப்பு 0.05க்கு மயிரிழையில் கீழே. தனிக் குழுக்களாகப் பாவித்திருந்தால் டி 2.44, பி-மதிப்பு 0.02 என்று இன்னும் ‘நல்ல’ விடை கிடைத்திருக்கும். இரண்டு ஜோடிகளில் அயல் சேர்க்கைச் செடி 12 அங்குலத்தோடு நின்றுவிட, அதன் ஜோடி அதைவிட மிக உயரமாக வளர்ந்திருந்தது. அதனால் ஜோடிகளுக்குள் ஒட்டுறவு எதிர்மறையாகப் போனது. ஜோடி சேர்த்ததில் லாபமில்லை, நஷ்டம்தான். இருந்தாலும் இணைச் சோதனைதான் இங்கே முறை. ஏனென்றால் செடிகளை வளர்த்தது அப்படி. எது சிறிய பி-மதிப்பைத் தருகிறதோ அதைப் பொறுக்கி எடுப்பவர் சோதனை செய்யவில்லை, பேரம் பேசுகிறார்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. இரண்டு குழுவிலும் முப்பது முப்பது பேர் இருப்பதாலேயே பட்டியலில் எதிரெதிரே நிற்பவர்களை ஜோடியாக்கிவிடுவது. முப்பதும் முப்பதும் சமம் என்பது ஜோடிக்கு இலக்கணமல்ல. முதல் வரிசையைக் கலைத்துப் போட்டால் உண்மை ஏதாவது கெடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கெடுகிறது என்றால் ஜோடி. இல்லையென்றால் தனிக் குழு. ஒரே ஆளின் முன்னும் பின்னும், ஒரே ஆளின் இடக்கண் வலக்கண், இரட்டையர், கணவன் மனைவி, ஒரே வயலின் அடுத்தடுத்த பாத்திகள், வயதும் பாலினமும் பார்த்து ஆய்வுக்கு முன்பே பொருத்தி வைத்த நோயாளிகள் இவர்களெல்லாம் ஜோடி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பெயர் எழுதாமல் வினாத்தாள் வாங்கியவர்கள் இங்கே வகையாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்கள் அவர்களேதான், ஆனால் எந்தத் தாள் யாருடையது என்று தெரியாது. இணைச் சோதனை செய்யவும் முடியாது, தனிக் குழு என்று சொல்வதும் பொய். ஒவ்வொரு தாளிலும் ஒரு ரகசியக் குறியீட்டை எழுதச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

கல்வியியல், செவிலியம், உளவியல் துறைகளின் ஆய்வேடுகளில் இதைவிடப் பரவலான ஒரு சறுக்கல் உண்டு. இரண்டு குழுக்கள், இரண்டுக்கும் முன்சோதனை, பின்சோதனை. ஆய்வாளர் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே இணை டி-சோதனை செய்கிறார். புதிய முறையில் படித்த குழுவில் பி-மதிப்பு 0.05க்குக் கீழே, பழைய முறையில் படித்த குழுவில் மேலே. ‘ஆகவே புதிய முறையே சிறந்தது’ என்று முடிவுரை வந்துவிடுகிறது. இரண்டு குழுக்களையும் இங்கே யாரும் ஒப்பிடவே இல்லை! ஒன்று கோட்டைத் தாண்டியது, மற்றொன்று தாண்டவில்லை என்பதும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு உண்டு என்பதும் ஒன்றல்ல. பி-மதிப்பு ஒன்றுக்கு 0.04, மற்றதற்கு 0.06 என்று இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கின்றன. செய்ய வேண்டியது எளிது: ஒவ்வொரு மாணவரும் முன்னுக்குப் பின் எவ்வளவு கூடினார் என்று கழித்து, அந்த வித்தியாசங்களை இரு குழுக்களுக்கிடையே தனிக்குழு டி-சோதனையால் ஒப்பிட வேண்டும். முன்சோதனை மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு இதைவிடவும் நல்லது.

தனிக்குழுச் சோதனைக்கு வந்தால் அங்கே இன்னொரு கிளை பிரிகிறது. இரு குழுக்களின் சிதறலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்து ஒரே சிதறலாக மதிப்பிடுவது பழைய வழி. அப்படி எதுவும் வைத்துக்கொள்ளாமல் அவரவர் சிதறலை அவரவர்க்கே விட்டுவிடுவது பெர்னார்ட் வெல்ச்சின் வழி. 1938இலும் 1947இலும் ‘பயோமெட்ரிகா’வில் அவர் எழுதியது. குழுக்களில் ஆட்கள் சமமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடைதான் தரும். தூக்க மருந்து எண்களிலேயே இரு வழியிலும் பி-மதிப்பு 0.079தான்.

ஆட்கள் சமமில்லாதபோதுதான் விவகாரம். ஒரு குழுவில் 10 பேர், மற்றதில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய குழுவின் திட்ட விலக்கம் பெரிய குழுவினதைப் போல இரு மடங்கு. உண்மையில் சராசரிகளில் வேறுபாடே இல்லை. பழைய வழியில் சோதித்தால், நூற்றுக்கு ஐந்து முறைதான் ஏமாறுவோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பதினைந்து முறைக்கும் மேல் ஏமாறுவோம். காரணம் எளிது. கலந்து எடுத்த சிதறலில் 40 பேரின் ஒழுங்கான எண்களே ஓங்கி நிற்கும். ஊசலாட்டமோ பத்துப் பேரின் சராசரியிலிருந்துதான் வருகிறது. இதைத் திருப்பிப் போட்டு, பெரிய குழுவின் சிதறல் இரு மடங்கு என்றால், ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும். நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. உண்மையான வேறுபாட்டையும் அந்தச் சோதனை அதே பிடிவாதத்தோடு மறுக்கும். வெல்ச் சோதனையில் இரண்டு பக்கமும் ஐந்துக்கு அருகிலேயே நிற்கும்.

முதலில் லெவின் சோதனை செய், சிதறல் சமம் என்று வந்தால் பழைய வழி, இல்லையென்றால் வெல்ச் என்று இன்னும் பல வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இரண்டு வரிகளையும் அருகருகே அச்சிட்டு, பக்கத்தில் லெவினையும் நிறுத்திவைப்பதால் இந்தப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. என் கருத்தில் இது வீண் வேலை. மாதிரி சிறிதாக இருக்கும்போது லெவின் சோதனைக்குச் சமமின்மையைக் கண்டுபிடிக்கும் வலு இருக்காது. நமக்கு அது வேண்டியதோ அப்போதுதான். தனிக் குழுக்கள் என்றால் நேராக வெல்ச்சுக்குப் போய்விடலாம். ஆர் மென்பொருள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் வெல்ச்சைத்தான் செய்கிறது. எக்செலில் சோதனை வகை என்ற இடத்தில் 1 போட்டால் இணை, 2 சம சிதறல், 3 வெல்ச். கை தவறி 2க்குப் பதில் 1 போட்டாலும் எக்செல் ஒரு வார்த்தை கேட்காது, இரு வரிசையிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும்.

எண்கள் இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டுமே என்ற கவலை தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. இணைச் சோதனையில் வித்தியாசங்களின் பரவல்தான் கேள்வி, மூல எண்களின் பரவல் அல்ல. குழுவில் முப்பது நாற்பது பேர் இருந்து, ஒன்றிரண்டு எண்கள் காட்டுத்தனமாகத் தனித்து நிற்காவிட்டால் டி-சோதனை தாங்கும். கலமசூ அட்டவணையில் ஒன்பதாம் நோயாளியின் 4.6 அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது. தரவரிசையை மட்டும் பார்க்கும் வில்காக்சன் சோதனையைச் செய்தாலும் பி-மதிப்பு 0.009 என்று வருவதால் முடிவு அசையவில்லை. ஒருபக்கமா, இருபக்கமா என்பதைப் பற்றி ஒரு வரி போதும்: தரவைப் பார்த்த பிறகு ஒருபக்கச் சோதனைக்கு மாறுவது பி-மதிப்பைப் பாதியாக்கும் தந்திரம். மூன்று குழுக்கள் இருந்தால் டி-சோதனையை மூன்று முறை செய்யாதீர்கள். எங்கேயும் வேறுபாடு இல்லாதபோதும் ஏதாவது ஒரு ஜோடி நூற்றுக்குப் பன்னிரண்டு முறை ‘வேறுபாடு உண்டு’ என்று சொல்லும். அங்கே மாறுபாட்டுப் பகுப்பாய்வு வேண்டும்.

சரியான டி-சோதனையைத் தேர்ந்தாலும் காப்பாற்ற முடியாத ஆய்வுகள் உண்டு. அதற்கும் காசெட்டிடமே போகலாம். 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் மாவட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று பார்த்தார்கள். 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். பத்தாயிரம் பேருக்குப் பால். அதில் பாதிப் பேருக்குக் காய்ச்சாத பால், பாதிப் பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். மீதிப் பத்தாயிரம் பேருக்கு எதுவுமில்லை. இவ்வளவு எண்ணிக்கை இருந்தால் எந்தச் சோதனையைச் செய்தாலும் டி-மதிப்பு கம்பீரமாகத்தான் வரும்.

காசெட் 1931இல் அதைப் பிரித்துப் போட்டார். யாருக்குப் பால் என்பதைக் குலுக்கல் முறையிலோ அகரவரிசையிலோ முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு பக்கம் போஷாக்கான பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒட்டிய வயிற்றோடு நிற்கும் பிள்ளைக்குப் பால் இல்லை என்று எந்த ஆசிரியருக்குச் சொல்ல மனம் வரும்? விளைவு, ஆய்வு தொடங்கும்போதே பால் பெறாத குழு உயரத்திலும் எடையிலும் முன்னே நின்றது. பிள்ளைகளை உடுப்போடு எடை போட்டார்கள். முதல் எடை பிப்ரவரிக் குளிரில், இரண்டாவது ஜூன் கோடையில். வசதியான வீட்டுப் பிள்ளை கனத்த குளிராடையைக் கழற்றிவிட்டு வரும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற அவ்வளவு ஏது? பால் குடித்த குழுவில் ஏழைகள் அதிகம் என்பதால் உடுப்பின் எடையும் பாலின் புகழில் சேர்ந்துகொண்டது. போதாததற்கு, ஒரே பள்ளியில் இரண்டு வகைப் பாலும் கொடுக்கவில்லை. ஆகவே காய்ச்சாத பாலுக்கும் பாஸ்டரைஸ் பாலுக்கும் உள்ள வேறுபாடும் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. வகுப்பு வகுப்பாக ஒரு முறையைக் கொடுத்துவிட்டு, மாணவர்களைத் தனித்தனி ஆளாக எண்ணி டி-சோதனை செய்யும் ஆய்வுகளின் சிக்கலும் இதுவே. இரண்டே வகுப்புகளை ஒப்பிட்டால், அறுபது மாணவர்கள் இருந்தாலும் உண்மையில் கையில் இருப்பது ஒரு பக்கத்துக்கு ஒரு வகுப்பு.

காசெட் சொன்ன மாற்று வழி இதுதான்: ஒருகரு இரட்டையரில் 50 ஜோடிகளை எடுத்து, ஜோடியில் ஒருவருக்குக் காய்ச்சாத பாலும் மற்றவருக்குப் பாஸ்டரைஸ் செய்த பாலும் கொடுத்தால், 20,000 பிள்ளைகளைவிட நம்பகமான விடை கிடைக்கும், செலவும் மிகச் சிறு பங்குதான் ஆகும். இணைச் சோதனையை முதலில் எண்ணத்தில் வைத்து, அதற்கேற்ப ஆட்களைத் தேடச் சொல்கிறார்.

ஆய்வு நெறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தரவுகள் டி-சோதனை மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டன’ என்ற ஒற்றை வரியோடு முறையியல் பகுதியை முடிக்காதீர்கள். இணையா தனிக்குழுவா, வெல்ச்சா இல்லையா, ஒரு எண் என்பது ஓர் ஆளா ஒரு வகுப்பா, குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பதை எழுதுங்கள். பி-மதிப்போடு நிற்காமல், வித்தியாசத்தின் அளவையும் அது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். தூக்க மருந்து உதாரணத்தில் அது சராசரியாக 1.58 மணி, 95 சதவீத நம்பக எல்லை 0.70 முதல் 2.46 மணி வரை. தூக்கம் வராமல் புரளும் நோயாளிக்கும் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் பயன்படும் தகவல் அதுதான்.